கன்ன எலும்பு முறிவைப் படிக்க 3டி ஸ்லைசர்: எங்கே கை கொடுக்கும், எங்கே காலை வாரும்

பைக்கிலிருந்து விழுந்தோ, பந்து பட்டோ, கைகலப்பில் அடி வாங்கியோ ஒரு பக்கக் கன்னம் தட்டையாகி வந்தவருக்குச் சிடி ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. ஃபிலிம் உறையோடு ஒரு குறுந்தட்டும் கைக்கு வருகிறது. ஃபிலிமில் இருப்பது சில டஜன் படங்கள்; தட்டில் இருநூறு முந்நூறு இருக்கும். அவற்றைத் திறந்து, சாய்த்து, அளந்து பார்க்கக் காசு கேட்காத மென்பொருள்களில் 3டி ஸ்லைசர் முன்வரிசையில் நிற்கிறது. இந்த மதிப்புரை அதன் எல்லா வித்தைகளையும் பற்றியதல்ல. கன்ன எலும்பு முறிவு என்கிற ஒரே வேலைக்கு அது எப்படி என்பதுதான் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெட்டுப்படம் பார்க்க நல்லது. அளக்க மிக நல்லது. எல்லோரையும் கவர்ந்திழுக்கும் அந்த முப்பரிமாண மண்டையோட்டுப் படம் இருக்கிறதே, முறிவைக் கண்டுபிடிக்க அதை நம்பினால் கவிழ்த்துவிடும். 5-க்கு 4 கொடுக்கலாம். குறைந்த 1 அந்தப் படத்துக்காக.

ஸ்லைசர் 1998-ல் பாஸ்டனில் ப்ரிகாம் மகளிர் மருத்துவமனையின் அறுவைத் திட்ட ஆய்வகத்துக்கும் எம்ஐடி-யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கும் இடையே ஒரு முதுகலை ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. மூலநிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் மருத்துவச் சிகிச்சைக்கென அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லை என்று அதை உருவாக்குபவர்களே சொல்கிறார்கள். படிக்க, கற்பிக்க, அறுவைக்கு முன் யோசித்துப் பார்க்க வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடும் ரிப்போர்ட், மருத்துவமனையின் அங்கீகரிக்கப்பட்ட திரையிலிருந்துதான் வர வேண்டும்.

தட்டிலிருந்து திரைக்கு

பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். தட்டை நேராகச் செருகி இறக்குமதி செய்தால், கோப்புகளை நகலெடுக்கவா, இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதுமா என்று ஸ்லைசர் கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்துவிட்டுத் தட்டை வெளியே எடுத்தால், பட்டியலில் பெயர் இருக்கும், படம் திறக்காது. எனவே தட்டு முழுவதையும் முதலில் கணினியில் ஒரு ஃபோல்டருக்குள் நகலெடுத்துவிட்டு அங்கிருந்து இறக்குவது உத்தமம். தட்டு தேய்ந்திருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து, எந்த வரிசையைத் திறப்பது? ஒரே ஸ்கேனில் நாலைந்து வரிசைகள் இருக்கும். முகத்துக்கு வேண்டியது 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ தடிமன் உள்ள, எலும்புக்கான கூர்மையான கெர்னலில் (ஸ்கேன் தரவைப் படமாக்கும் கணக்கு முறை) செய்த வரிசை. கோப்பு எண்ணிக்கையைப் பார்த்தாலே பிடித்துவிடலாம்: 40 படங்கள் என்றால் அது தடித்தது, 200-க்கு மேல் என்றால் மெல்லியது. தட்டில் 3 அல்லது 5 மில்லிமீட்டர் வரிசை மட்டும் இருந்தால், மெல்லிய வரிசையையும் எழுதித் தரும்படி ஸ்கேன் சென்டரில் உடனே கேட்க வேண்டும். இயந்திரத்திலிருந்து மூலத் தரவு அழிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. 5 மில்லிமீட்டர் வெட்டிலிருந்து ஸ்லைசர் கொரோனல் படம் (முகத்தை நேர் எதிரிலிருந்து பார்ப்பது போன்ற வெட்டு) செய்து காட்டும்தான், ஆனால் கண்குழியின் தளம் படிக்கட்டு மாதிரி வரும். அந்தப் படிக்கட்டை முறிவு என்று எழுதியவர்களும் உண்டு. ஃபிலிமை ஜன்னலில் பிடித்து ஃபோனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் ஸ்லைசர் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

கணினி பெரிதாக வேண்டியதில்லை. ஒரு வெட்டுப்படம் ஏறக்குறைய அரை எம்பி. 250 படங்களுக்கு 130 எம்பி வரும். ஏற்றும் தரவைப் போல 10 மடங்கு நினைவகம் வேண்டும் என்பது ஸ்லைசர் தரும் பொதுக் கணக்கு. 8 ஜிபி உள்ள லேப்டாப் தாராளம். சுருள் சக்கரம் உள்ள மவுஸ் கட்டாயம். டச்பேடில் இந்த வேலையைச் செய்ய முயல்பவருக்குப் பொறுமை சீக்கிரம் போய்விடும்.

இன்னொரு பொறி: சில ஸ்கேன்கள் இயந்திர வளையத்தைச் சாய்த்து எடுக்கப்பட்டிருக்கும். திறக்கும்போது இடைவெளி சீராக இல்லை என்று எச்சரிக்கை வந்தால் தள்ளிவிடாதீர்கள். டைகாம் (மருத்துவப் படக் கோப்பு வடிவம்) அமைப்புகளில் எடுத்த வடிவத்தைச் சீராக்கும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டு மறுபடி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் முகமே சரிந்து, அளவெல்லாம் பொய்யாகும்.

நிறமும் வெளிச்சமும்

ஸ்லைசரில் சிவப்புச் சட்டம் ஆக்சியல் (கிடைமட்டக் குறுக்கு வெட்டு), பச்சை கொரோனல், மஞ்சள் சஜிட்டல் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும் வெட்டு). முதல் இரண்டிலும் நோயாளியின் வலப்பக்கம் திரையின் இடப்பக்கம் வரும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மவுஸை நகர்த்தினால் மூன்று சட்டங்களும் ஒரே புள்ளிக்குத் தாவும். ஆக்சியலில் ஒரு கோடு சந்தேகமாக இருந்தால் அதே நொடியில் கொரோனலில் அது என்ன என்று தெரிந்துவிடுகிறது. இந்த ஒரு வசதிக்காகவே ஸ்லைசரை வைத்துக்கொள்ளலாம்.

எலும்புக்கென்று தயாராக வைத்திருக்கும் விண்டோ (சாம்பல் நிறங்களில் காட்டும் அடர்த்தி வரம்பின் அகலம்) 1000, லெவல் (அதன் நடுப்புள்ளி) 400. முகத்துக்கு இது இறுக்கம். தடித்த எலும்பெல்லாம் ஒரே வெள்ளையாகி, எலும்புகள் சேரும் பொருத்துகள் மறைந்துவிடும். விண்டோவை 2500 பக்கம், லெவலை 500 பக்கம் கையாலேயே மாற்றுங்கள். பிறகு மென்திசுவுக்கு 350, 40. இந்த இரண்டாவது பார்வையைத் தவிர்ப்பவர்கள் நிறைய. உண்மையில் அதுதான் முதலில் வர வேண்டும்: கண்கோளம் உருண்டையாக இருக்கிறதா, கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டிக் கண் முன்தள்ளியிருக்கிறதா? கன்ன எலும்பு சில நாள் காத்திருக்கும், கண் காத்திருக்காது.

நாலு கால்

பழைய புத்தகங்கள் இதை முக்காலி முறிவு என்றன. பெயர் நிலைத்துவிட்டது, எண்ணிக்கைதான் தப்பு. கன்ன எலும்பு நான்கு இடத்தில் பிடித்து நிற்கிறது: மேலே நெற்றி எலும்பு, முன்னே மேல்தாடை, பக்கவாட்டில் பொட்டெலும்போடு சேரும் கன்ன வளைவு, கண்குழிக்குள்ளே மண்டையோட்டு அடித்தள எலும்பான ஸ்பீனாய்டின் பெரிய இறக்கை. நாலாவது எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாததால்தான் கணக்கில் விட்டுப்போனது. சிடி வந்த பிறகு அதுதான் தலையாய இடமாகிவிட்டது.

ஆக்சியலில் கண்ணின் லென்ஸும் பார்வை நரம்பும் தெரியும் மட்டத்துக்கு வாருங்கள். கண்குழியின் வெளிச்சுவர் இரண்டு எலும்புகள் சேர்ந்து ஒரே நேர்க்கோடாக ஓட வேண்டும். அங்கே கோணம் விழுந்திருந்தாலோ, ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியிருந்தாலோ கன்ன எலும்பு சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். விளிம்பில் சேதம் சிறிதாகத் தெரிந்தாலும் இந்தக் கோடு உடைந்திருந்தால் முறிவைச் சிறியது என்று எழுத முடியாது. ஸ்லைசரில் புள்ளியும் கோடும் குறிக்கும் பகுதியான மார்க்கப்ஸில் கோணம் அளக்கும் கருவி உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் அளந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கன்ன வளைவுக்கு நேர் ஆக்சியல் போதாது. தலை சற்றே சாய்ந்திருந்தால் வளைவின் பாதி ஒரு படத்திலும் மீதி நாலு படம் தள்ளியும் வரும். வெட்டுத் தளங்களின் கைப்பிடிகளை இயக்கி, வளைவு முழுக்க ஒரே படத்தில் விழும்வரை சாயுங்கள். இங்கே ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: பெயர்தான் வளைவு, நடுப்பகுதி ஏறக்குறைய நேராகவே ஓடும். அதை அழகாக வளைத்துப் பொருத்தினால் முகம் அகலமாகிக் கன்னம் உள்ளே போய்விடும். தனியாக வளைவு மட்டும் அடிபட்டால் மூன்று இடத்தில் முறிந்து நடுவில் ஆங்கில வி எழுத்துபோல உள்ளே குழியும். குழிந்த முனைக்கும் கீழ்த்தாடையின் கொரோனாய்டு முனைக்கும் இடையே எவ்வளவு இடம் மிச்சம் என்று அளந்துவிடுங்கள். நோயாளிக்கு வாய் திறக்காத காரணம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

நெற்றி எலும்போடு சேரும் பொருத்தைக் கொரோனலில் பாருங்கள். விரிசல் ஆக்சியலில் ஏமாற்றும். மேல்தாடையைத் தாங்கும் தூணும் கொரோனலில்தான், சைனஸின் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். பல் அடைப்பு உலோகம் இருந்தால் அந்த மட்டத்தில் வெள்ளைக் கீற்றுகள் வந்து தூணை மறைக்கும். ஒன்றிரண்டு படம் மேலே ஏறிப் பார்க்கலாம். கண்குழியின் கீழ்விளிம்பில் முறிவு வழக்கமாக நரம்புத் துளையை ஒட்டியே போகும். கன்னம், மேலுதடு மரத்துப் போவது அதனால்தான். துளையின் கூரை உள்ளே நசுங்கியிருக்கிறதா என்பதைத் தனியாக எழுதினால் அறுவை செய்பவருக்கு உதவும்.

சைனஸைப் பார்த்ததும் ஒரு குறிப்பு கிடைக்கும். அடிபட்ட புதிதில் மேல்தாடை சைனஸ் இரண்டும் காற்றோடு சுத்தமாக இருந்தால், அதன் சுவர்களைத் தொடும் முறிவுக்கு வாய்ப்பு குறைவு. கன்ன வளைவு மட்டும் முறிந்தால் சைனஸில் எதுவும் தெரியாது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

போலிகளும் இருக்கின்றன. பொருத்து என்றால் விளிம்பு பல்லுப் பல்லாக, இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கும். கன்ன எலும்பின் உடலில் சிறு நரம்புத் துளைகள் உண்டு. விளிம்பு வழுவழுப்பாக இருக்கும், மேலே வீக்கம் இருக்காது. ஸ்கேன் நடுவில் நோயாளி அசைந்துவிட்டால் எலும்பில் ஒரு படி விழும். அந்தப் படி மறுபக்க எலும்பிலும், தோலின் கோட்டிலும் அதே மட்டத்தில் இருந்தால் அது அசைவு. தோல் நேராக இருந்து எலும்பு மட்டும் ஏறி இறங்கினால்தான் முறிவு.

தளம்

கண்குழியின் தளம் முட்டை ஓடு போல மெலிது; இடத்துக்கு இடம் அரை மில்லிமீட்டருக்கும் கீழ். கொரோனலில் ஓட்டையின் அகலத்தையும், பார்வை நரம்பின் போக்குக்கு இணையாகச் சாய்த்த சஜிட்டலில் அதன் நீளத்தையும் அளங்கள். அறுவைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, பின்னால் முறியாமல் நிற்கும் எலும்புத் திட்டு இருக்கிறதா, எவ்வளவு ஆழத்தில் என்பதைத்தான். தகடு உட்கார அதுதான் இடம். ஸ்லைசரில் விளிம்பிலிருந்து அந்தத் திட்டு வரை கோடு போட்டு அளக்க அரை நிமிடம்.

மென்திசு விண்டோவில் கண்ணின் கீழ்த் தசையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உருண்டுவிட்டால் அதைப் பிடித்திருக்கும் இழைகள் அறுந்திருக்கக்கூடும். குழந்தைகளிடம் கதை வேறு. எலும்பு வளைந்து திறந்து மறுபடி மூடிக்கொள்ளும். தசை நடுவில் மாட்டிக்கொள்ளும். தளம் கிட்டத்தட்ட ஒழுங்காகவே தெரியும், கண்குழிக்குள் தசையைத்தான் காணோம். பையன் மேலே பார்க்க முடியாமல் வாந்தி எடுத்துக்கொண்டு இருந்தால், ஓட்டை இல்லை என்று ஆறுதல் அடையாமல் தசையைத் தேடுங்கள். இது அவசரம்.

அந்த அழகான படம்

வெட்டுகளைச் சேர்த்து முப்பரிமாணப் படமாக்கும் வால்யூம் ரெண்டரிங்கில் எலும்புக்கான முன்னமைப்பை அழுத்தியதும் மண்டையோடு கம்பீரமாகச் சுழலும். நோயாளியின் வீட்டாருக்கு விளக்க, எந்தத் துண்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஒரே பார்வையில் புரிந்துகொள்ள அருமை. ஆனால் குறிப்பிட்ட அடர்த்திக்கு மேல் இருப்பதை மட்டும் எலும்பாகக் காட்டுவதுதான் அதன் வழி. மெல்லிய தளத்தில் படத்தின் ஒரே கட்டத்துக்குள் எலும்பும் காற்றும் கலந்து சராசரியாகும்போது அடர்த்தி எண் விழுந்துவிடுகிறது. ஆகவே முறியாத கண்குழியிலும் ஓட்டை தெரியும். நகர்த்தும் ஸ்லைடரை ஒரு பக்கம் தள்ளினால் ஓட்டை பெரிதாகும், மறுபக்கம் தள்ளினால் மூடும். எந்த நிலை உண்மை என்று படம் சொல்லாது.

எலும்பை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கும் செக்மென்ட் எடிட்டரில் எதிர்த்திசைத் தவறு நடக்கும். முப்பரிமாணத்தில் காட்டும்போது மேற்பரப்பை 0.5 அளவு மென்மையாக்குவது அதன் இயல்புநிலை. நகராத மயிரிழை முறிவு அதில் காணாமல் போகும். முறிவு பார்ப்பதானால் அதை நிறுத்திவிடுங்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. த்ரெஷோல்டு (ஓர் அடர்த்திக்கு மேல் உள்ளதை எல்லாம் தேர்வது) போட்டதும் ஸ்கேன் மேசை, தலைதாங்கி, தூசிப் புள்ளிகள் எல்லாம் எலும்போடு சேர்ந்து வரும். சுத்தம் செய்ய, மிகப் பெரிய தீவை (ஒன்றோடொன்று ஒட்டிய துண்டை) மட்டும் வைத்துக்கொள்ளும் கட்டளையை அழுத்தச் சொல்லும் பயிற்சிக் காணொளிகள் ஏராளம். அழுத்தினால் தூசியோடு சேர்ந்து, தனியாக விலகி நிற்கும் உடைந்த துண்டும் மறைந்துவிடும். மண்டையோட்டோடு ஒட்டாத எதுவும் அதற்குக் குப்பைதான். முறிவு ஸ்கேனில் இந்தக் கட்டளையைத் தொடாதீர்கள். கத்தரிக்கோலை எடுத்து மேசையை மட்டும் வெட்டி எறியுங்கள். சிறு தீவுகளை நீக்கியே ஆக வேண்டும் என்றால் குறைந்தபட்ச அளவைக் கொடுத்து நீக்கிவிட்டு, மிஞ்சியதை வெட்டுப்படத்தோடு ஒப்பிடுங்கள்.

கண்ணாடி வைத்து அளப்பது

ஸ்லைசர் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களோடு மல்லுக்கு நிற்பது இங்கே. முறியாத பக்கத்தைத் திருப்பி முறிந்த பக்கத்தின் மேல் போட்டால், கன்னம் எத்தனை மில்லிமீட்டர் பின்னே, கீழே, உள்ளே போயிருக்கிறது என்று நேரடியாகத் தெரியும். எலும்பை மாடலாக ஏற்றுமதி செய்து, மார்க்கப்ஸில் முகத்தை இடம் வலமாகப் பிரிக்கும் நடுத்தளம் ஒன்று வரைந்து, மாடல்களை மாற்றியமைக்கும் டைனமிக் மாடலரில் மிரர் கருவியைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

சிக்கல் நடுத்தளத்தை எங்கே போடுவது என்பதில். மூக்குத் தடுப்பை வைத்துப் போடாதீர்கள். அடிபடாத பலருக்கும் அது வளைந்திருக்கும். மூக்கின் வேர், மண்டையோட்டு அடித்தளத்தின் நடுப்புள்ளிகள் இவற்றை வைத்துப் போடலாம். தலையை நேராக்க ஃபிராங்க்ஃபர்ட் தளம் பயன்படுத்துபவர்கள், இரண்டு காதுத் துளைகளின் மேல்விளிம்பையும் முறியாத பக்கக் கண்குழியின் கீழ்விளிம்பையும் மட்டும் எடுக்க வேண்டும். முறிந்த பக்க விளிம்பு இடம் மாறியிருக்கும். அதையும் சேர்த்தால் அளவுகோலே கோணலாகிவிடும்.

திருப்பியதைப் பொருத்தும்போதும் அதே எச்சரிக்கை. முகம் முழுவதையும் கொடுத்துத் தானாகப் பொருத்தச் சொன்னால், வித்தியாசத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று முறிந்த கன்னத்தை நோக்கியே மாடல் சரியும். 6 மில்லிமீட்டர் விலகல் 3 என்று காட்டும். நெற்றி, மண்டையோட்டு அடித்தளம் போன்ற முறியாத பகுதிகளை மட்டும் வெட்டிக் கொடுத்துப் பொருத்துங்கள். வரும் எண்ணையும் அளவோடு நம்புங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடவல வித்தியாசம் அடியே படாத முகத்திலும் உண்டு.

கண்குழியின் கொள்ளளவையும் செக்மென்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற அளவுக் கருவி கன சென்டிமீட்டரில் தரும். பெரியவர்களுக்குச் சுமார் 30. தளத்தின் போலி ஓட்டைகளை அடைக்க எலும்பைச் சுற்றிப் போர்த்தும் நீட்சி (கூடுதலாக நிறுவும் கருவி) ஒன்றும் கிடைக்கிறது. எண்ணைக் கெடுப்பது முன்பக்க எல்லைதான்: கண்குழி வெளியே எங்கே முடிகிறது என்பதற்கு எலும்பு கிடையாது, வரைபவர் முடிவு செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விதியில், ஒரே ஆள் வரையுங்கள்.

மற்றபடி

வகைப்படுத்தலுக்கு ஸ்லைசர் எதுவும் செய்யாது. அது உங்கள் வேலை. 1961-ன் நைட்–நார்த் வகைப்பாடு எக்ஸ்ரேயை வைத்து வந்தது. 1992-ன் ஜிங் வகைப்பாடு இன்றைய படங்களோடு எளிதாகச் சேரும்: ஒரு கால் மட்டும் முறிந்தால் ஏ (வளைவு 1, கண்குழி வெளிச்சுவர் 2, கீழ்விளிம்பு 3), நாலும் முறிந்து எலும்பு ஒரே துண்டாக இருந்தால் பி, நொறுங்கினால் சி. எக்ஸ்ரே மட்டுமே கிடைக்கும் இடத்தில் வாட்டர்ஸ் படத்தில் (மோவாயை உயர்த்தி எடுக்கும் முக எக்ஸ்ரே) யானைத் தலையைத் தேடும் பழைய உத்தி இன்றும் உதவும். கன்ன வளைவு தும்பிக்கை. தும்பிக்கை ஒடிந்திருந்தால் சிடிக்கு அனுப்புங்கள்.

குறைகளில் முக்கியமானது நெரிசல். நூற்றுக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் (தனித்தனிக் கருவிப் பகுதிகள்). நமக்கு வேண்டியது ஆறேழு. பழைய லேப்டாப்பில் ஜிபியு (வரைகலைச் செயலி) ரெண்டரிங் திரையைக் கருப்பாக்கினால் சிபியுவுக்கு மாற்றுங்கள், மெதுவாக ஆனாலும் ஓடும். வேகமாகப் படம் புரட்ட மட்டும் என்றால் விண்டோஸில் ரேடியன்ட், மேக்கில் ஹோரோஸ் இரண்டும் இதைவிடச் சுகம். அளவு, கண்ணாடிப் பிரதி, முப்பரிமாண அச்சுக்கு எஸ்டிஎல் கோப்பு என்று வரும்போது ஸ்லைசருக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

சேமிப்பு தானாக நடக்காது. சேமிக்காமல் மென்பொருளை மூடினால், ஒரு மணி நேரம் வரைந்த கண்குழி ஒரு நொடியில் போய்விடும். எம்ஆர்பி (.mrb) என்ற ஒரே மூட்டையாகச் சேமித்தால் படம், செக்மென்ட், அளவுகள் எல்லாம் சேர்ந்து போகும். அந்த மூட்டைக்குள் நோயாளியின் பெயரும் எண்ணும் அப்படியே இருக்கும் என்பதால் வகுப்புக்கோ குழுவுக்கோ அனுப்புமுன் டேட்டா மாட்யூலில் மாற்றிவிடுங்கள். அதுவும் போதாது: மூல ஸ்கேன் உள்ளே இருந்தால் ரெண்டரிங்கில் தோலுக்கான அமைப்பைப் போட்ட மாத்திரத்தில் ஆளின் முகமே திரையில் வந்து நிற்கும். பகிர்வதானால் எலும்பு மாடலை மட்டும் தனியாக எடுத்து அனுப்புங்கள்.